எழுத்துக்கும் வருணமா?

சுவரொட்டியின் எதிரே நிற்கும் வழிப்போக்கன், அதிலுள்ள சொல்லைப் படிக்குமுன்பே எழுத்தின் தோற்றத்தைப் படித்துவிடுகிறான். தடித்து நிமிர்ந்த எழுத்து பொதுக்கூட்டத்துக்கு அழைக்கிறது. நெளிந்து குழைந்த எழுத்து திருமணத்துக்கு அழைக்கிறது. குருதி சொட்டும் எழுத்து பேய்ப்படத்துக்கு அழைக்கிறது. சொல் வாய் திறப்பதற்குள் எழுத்து தன் வேலையை முடித்துவிடுகிறது. நாவலை ஆராய்கிறோம், நாடகத்தை ஆராய்கிறோம், திரைப்படத்தையும் ஆராய்கிறோம். அவற்றின் பெயரைத் தாங்கி முச்சந்தியில் நிற்கும் எழுத்தை மட்டும், அது அச்சகத்தார் கவலை என்று நாம் விட்டுவிடுவதேன்?

விடலாகாது என்பதற்கு ஒரு சான்றாக, ஜெர்மனியில் 1923-இல் பிறந்த ஒரு தலைப்பெழுத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் 'நொய்லாண்ட்'. புதுநிலம் என்பது பொருள். ஆக்கியவர் ரூடால்ஃப் கோக். 1876-இல் நியூரம்பர்க்கில் பிறந்தவர், ஆஃபன்பாக் நகரில் கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்படசாலையில் 1906 முதல் பணியாற்றியவர், முதல் உலகப் போரில் படைவீரராக இருந்து மீண்டவர், 1934-இல் மறைந்தவர். ஆழ்ந்த கிறித்துவப் பற்றுடையவர். விவிலிய வாசகங்களைக் கையால் எழுதி எழுதியே கை பழகியவர். அந்தப் பக்தி நமக்கு உடன்பாடன்று. ஆனால் அந்தக் கை தேர்ந்த கை. அதை மறுப்பது நேர்மையாகாது.

எழுத்தைப் பாருங்கள். பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. சிறிய எழுத்துகளை அவர் செய்யவே இல்லை. கோடுகள் எல்லாம் ஒரே தடிமன். ஐரோப்பிய எழுத்துக்கு இயல்பான மென்மை வன்மை ஏற்றத்தாழ்வு அதில் கிடையாது. ஓரங்கள் அரம் தேய்த்து மழுக்கியவை அல்ல, வெட்டியவை. கோட்டின் முனைகள் சற்றே அகன்று நிற்கின்றன. கோடரியால் கொத்திய மரத்துண்டுகளை அடுக்கி வைத்ததுபோல் ஒரு தோற்றம். வரிவரியாக அடுக்கினால் தாளின் வெண்மை குறைந்து கருமை திரண்டு, பக்கமே ஒரு மரச்செதுக்கு ஓவியமாகிவிடும். நடுவே வெண்கோடு ஓடும் மற்றொரு வகையும் உண்டு.

இந்த முரட்டுத்தனம் தற்செயலாக வந்ததன்று. அக்காலத்தில் ஓர் எழுத்தை வார்ப்பதெனில், எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைச் செதுக்குவர். அதைச் செம்பில் அடித்துக் குழி பதிப்பர். குழியில் ஈயக் கலவையை ஊற்றி வார்ப்பர். பெரும்பாலும் ஒருவர் தாளில் வரைவார், வேறொருவர் எஃகில் வெட்டுவார். கோக் முன்வரைவு எதையும் வைத்துக்கொள்ளாமல் நேரே உலோகத்தில் வெட்டினார். ஒவ்வோர் அளவையும் கண்மதிப்பால் புதிதாக வெட்டினார். அதனால் சிறிய அளவிலுள்ள எழுத்துக்கும் பெரிய அளவிலுள்ள அதே எழுத்துக்கும் வடிவம் சிறிது வேறுபடும். தொழிலாளியின் கை அசைவு எழுத்தில் நிலைத்துவிட்டது. இன்று கணிப்பொறியில் கிடைக்கும் நொய்லாண்ட் பெரும்பாலும் ஒரே வரைவைப் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்துவது. அதில் முரட்டுத்தனம் இருக்கிறது, கை இல்லை. உயிர்போன பின்னும் மீசையை முறுக்கி வைத்த கதைதான்.

எழுத்தாக அதை மதிப்பிடச் சொன்னால் தயங்காமல் சொல்வோம்: நாலு சொல், ஐந்து சொல் தலைப்புக்கு மிகச் சிறந்த எழுத்து. பத்தி பத்தியாகக் கோத்தால் கண்ணுக்குத் தண்டனை. அதற்காக அது செய்யப்படவும் இல்லை.

இவ்வளவும் எழுத்தின் பிறப்பு. அது வாழ்க்கைப்பட்ட இடத்தில் நடந்ததுதான் நம் கவலை.

கடல் கடந்து அமெரிக்கா சென்றது இவ்வெழுத்து. அங்கே ஜெர்மானியரின் கைவண்ணம் என்றோ, கிறித்துவரின் பக்தி வடிவம் என்றோ எவரும் அதைக் காணவில்லை. ஆப்பிரிக்கா என்றால் நொய்லாண்ட், கறுப்பின மக்களின் கதை என்றால் நொய்லாண்ட், காடு என்றால் நொய்லாண்ட் என்று நூல் அட்டைகளும் விளம்பரங்களும் அதற்கு ஒரு தோலை மாட்டிவிட்டன. பசிபிக் தீவுகளின் கோலம் பூண்ட 'டிரேடர் விக்ஸ்' உணவகத்துக்கும் அதே எழுத்து. அமெரிக்கப் பழங்குடி மனிதனின் உருவத்தைப் பெட்டியில் தாங்கிய 'நேச்சுரல் அமெரிக்கன் ஸ்பிரிட்' சிகரெட்டுக்கும் அதே எழுத்து. 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தின் பெயருக்கும் அதே எழுத்துத்தான், நடுவில் வெண்கோடு ஓடும் வகை.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஆப்பிரிக்க மனிதன், தீவு மனிதன், அமெரிக்கப் பழங்குடி மனிதன், அழிந்துபோன ராட்சதப் பல்லி! இந்த நால்வருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மொழியா, நிலமா, வரலாறா? ஒன்றுமில்லை. 'நாகரிகத்துக்கு அப்பாற்பட்டவை' என்று வெள்ளையன் மனத்தில் ஒதுக்கி வைத்த மூலை ஒன்றுதான் பொது. அந்த மூலையின் பெயர்ப்பலகையாகிவிட்டது பாவம் கோக் செதுக்கிய எழுத்து.

ஏன் இப்படி ஆயிற்று? எழுத்து மரத்தில் வெட்டியதுபோல் இருந்தது. மரத்தில் வெட்டியது என்றால் முரடு. முரடு என்றால் கறுப்பன். இதுதான் அந்தத் தருக்கம். இதற்கு ஒரு பழைய அடித்தளமும் உண்டு. சுவரொட்டிக்கான மர எழுத்துகளைப் பெருமளவில் செய்யும் முறையை நியூயார்க்கில் 1827-இல் டேரியஸ் வெல்ஸ் கண்ட பிறகு, அமெரிக்கச் சுவர்களெல்லாம் கொழுத்த எழுத்துகளால் நிறைந்தன. சர்க்கஸ் வந்தாலும் அந்த எழுத்து. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நீக்ரோக்களைக் கேலி செய்து ஆடிய கூத்துகள் வந்தாலும் அந்த எழுத்து. அடிமைகளை ஏலம் விடும் அறிவிப்பானாலும் அந்த எழுத்து. எழுத்து வார்ப்படசாலைகளின் விலைப்பட்டியலில், மூட்டையைத் தோளில் சுமந்து ஓடும் அடிமையின் சிறு உருவம், அச்சுக்கட்டையாக விற்பனைக்கு இருந்தது! தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்னும் விளம்பரத்தில் அச்சுக்கோப்பவர் எடுத்து வைக்க வசதியாகச் செய்து வைத்தார்கள். கப்பல் படம் ஒரு விலை, குதிரைப் படம் ஒரு விலை, மனிதன் உயிருக்கு ஓடும் படம் ஒரு விலை. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. எழுத்துப் பெட்டியின் நினைவு அதனோடு ஒழிந்துவிடவில்லை.

"தற்செயலாக ஓர் எழுத்துக்கு நேர்ந்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசுவானேன்?" என்று நண்பர் எவரேனும் கேட்கக்கூடும். ஒன்றோடு நின்றிருந்தால் நாமும் பேச மாட்டோம். 1989-இல் அடோபி நிறுவனத்தில் கரோல் டுவாம்பிளி என்னும் அம்மையார், பண்டைய கிரேக்கக் கல்வெட்டுகளைப் பார்த்து 'லித்தோஸ்' என்றோர் எழுத்தை ஆக்கினார். கிரேக்கத்தின் கல்! ஐரோப்பியர் தம் நாகரிகத்தின் தாய்வீடு என்று மார்தட்டும் மண்! அதற்கு என்ன நேர்ந்தது? அதுவும் சில ஆண்டுகளுக்குள் 'ஆப்பிரிக்க எழுத்து' ஆகிவிட்டது. ஜெர்மனியில் பிறந்ததும் ஆப்பிரிக்கம், கிரேக்கத்தில் வேர்கொண்டதும் ஆப்பிரிக்கம். ஆப்பிரிக்காவில் பிறந்த எழுத்துக்கு மட்டும் அந்தச் சுவரொட்டிகளில் இடமில்லை.

ஆப்பிரிக்காவுக்கு எழுத்தே இல்லையோ என்று மயங்குவோர் உண்டு. எத்தியோப்பியாவின் எழுத்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. லைபீரியாவில் வை மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமக்கென ஓர் எழுத்தை ஆக்கிக்கொண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் மொழிகளுக்காக சுலைமானா கான்டே 1949-இல் ஆக்கிய எழுத்தின் பெயரை நம் நாவுக்கேற்ப 'என்கோ' என்று எழுதலாம். 'நான் சொல்கிறேன்' என்பது அதன் பொருள். (பழந்தமிழிலும் 'என்கோ' என்றால் 'என்று சொல்வேனோ' என்று பொருள்படும். ஒலி தற்செயலாக ஒத்திருக்கிறது, அவ்வளவே. உறவு கொண்டாடி விடவேண்டா!)

எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது கினி நாட்டுச் சிறுவர் இருவரின் கதை. இப்ராகிமா பாரி, அப்துலாயே பாரி. அண்ணனுக்கு வயது பதினான்கு, தம்பிக்குப் பத்து. தம் தாய்மொழியாகிய ஃபுலா மொழியை அரபு எழுத்தில் எழுதினால் ஒலி சரியாக அமையவில்லை என்று கண்டார்கள். வேறு வழி தேடாமல், கண்ணை மூடிக்கொண்டு தாளில் கோடுகளைக் கிறுக்கி, நன்றாக வந்த உருவங்களைத் தேர்ந்தெடுத்து, ஒலிக்கொன்றாக ஒதுக்கி, புதிதாக ஓர் எழுத்தையே ஆக்கினார்கள். தம்மைச் சுற்றியிருந்தோர்க்குக் கற்பித்தார்கள். நூல்களைக் கையால் எழுதிப் படியெடுத்துப் பரப்பினார்கள். அதன் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே 'அட்லம்' என்று பெயர் வந்தது. 2016-இல் யூனிகோடு என்னும் உலகக் கணிப்பொறி எழுத்து முறையில் அது இடம்பெற்றது. அச்சிறுவர் தாளில் கிறுக்கத் தொடங்கிய ஆண்டு எது தெரியுமா? 1989. கலிஃபோர்னியாவில் 'லித்தோஸ்' வெளிவந்த அதே ஆண்டு. ஒருபுறம் ஆப்பிரிக்கச் சிறுவர் ஆப்பிரிக்க எழுத்தை ஆக்குகின்றனர். மறுபுறம் ஆப்பிரிக்கா என்ற பெயரில் உலகச் சந்தை கிரேக்க எழுத்தைக் கடை விரிக்கப் போகிறது!

சீனருக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. நொய்லாண்டின் மீது வேடம் பிறகு ஏற்றப்பட்டது. சீனருக்கோ வேடத்தையே எழுத்தாக வார்த்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் வார்ப்படசாலை 1883-இல் ஓர் ஆங்கில எழுத்தை வெளியிட்டது. கோடு ஒவ்வொன்றும் தூரிகைத் தீற்றல்போல் ஒரு முனை பருத்து மறுமுனை கூர்த்து நிற்கும். 'சைனீஸ்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். பின்னாளில் 'மாண்டரின்' ஆயிற்று. சீனத் தூரிகை எழுத்தின் இலக்கணம் ஒன்றும் அதில் கிடையாது. சீனர் எழுதுவது இப்படித்தான் இருக்கும் என்று சீனம் அறியாதவன் கண்ட கனவு அது. ஆண்டைக் கவனியுங்கள். சீனத் தொழிலாளர் அமெரிக்க மண்ணில் நுழையலாகாது என்று சட்டம் செய்தது 1882-இல். சீன வேடம் போட்ட எழுத்தை விற்றது 1883-இல். ஆளுக்குக் கதவடைப்பு, அவனைப்போல் நடிக்கும் எழுத்துக்கு விலைப்பட்டியல்! அந்தச் சட்டம் 1943-இல்தான் நீங்கிற்று.

பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? 2002-இல் அபர்குரோம்பி அண்ட் ஃபிச் நிறுவனம், சீனப் பெயரையும் வெளுப்புத் தொழிலையும் சேர்த்துக் கேலி செய்யும் வாசகத்தை இத்தகைய எழுத்தில் சட்டைகளில் அச்சிட்டது. ஆசிய அமெரிக்க மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். நிறுவனம் சட்டைகளைத் திரும்பப் பெற்றது. 2018-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆண்டி கிம் என்பவர் காங்கிரசுக்குப் போட்டியிட்டபோது, அவரைத் தாக்கிக் குடியரசுக் கட்சியினர் அனுப்பிய துண்டறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே இந்த எழுத்து! அவர் கொரியப் பெற்றோரின் மகன், சீனரல்லர். எழுத்துக்கு அந்த வேறுபாடெல்லாம் வேண்டுமா? 'இவன் நம்மவன் அல்லன்' என்று வெளிப்படையாக அச்சிட்டால் பழி வரும். எழுத்தின் தோற்றத்தைக் கொண்டு சொல்லிவிட்டால் பழியும் இல்லை, பலனும் கிடைக்கும் என்று எண்ணினார்கள் போலும். மக்கள் அவரை வெற்றி பெறச் செய்தார்கள். 2024-இல் செனட்டராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

சீனக் கடைக்காரர்களே இவ்வெழுத்தைப் பலகையில் மாட்டிக்கொண்டார்களே என்று ஒரு வாதம் உண்டு. ஆம், மாட்டிக்கொண்டார்கள். 1906-இல் நிலநடுக்கத்தால் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பு அழிந்தபோது, அவர்களை நகரின் ஒதுக்குப்புறத்துக்கு விரட்ட முயற்சி நடந்தது. விரட்டப்படாதிருக்கச் சீன வணிகர்கள் கண்ட வழி, வெள்ளையர் காண விரும்பும் கோபுரமும் வளைந்த கூரையும் கட்டிச் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பது. அந்தக் கூரையின் கீழ்ப் பொருந்தும் எழுத்து இது. பிழைப்புக்காகப் பூண்ட வேடத்தைப் பார்த்து, 'இதுதான் அவன் முகம், அவனே ஒப்புக்கொண்டான்' என்று கூறுவது என்ன நியாயம்? சேரியில் வாழ வைக்கப்பட்டவனைப் பார்த்து, அவனே விரும்பித்தான் அங்கே இருக்கிறான் என்று இந்நாட்டில் பேசியவர்களின் குரல் நமக்குப் பழக்கமானதுதானே!

வடமொழியில் 'வர்ணம்' என்றால் நிறம். 'வர்ணம்' என்றால் பிறப்பால் வைத்த பிரிவு. 'வர்ணம்' என்றால் எழுத்து. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் இத்தகைய எழுத்துகளைக் கண்டிருந்தால் தம் முன்னறிவை மெச்சிக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் இவ்வெழுத்துகளைத் தடை செய்துவிடலாமா? எழுத்தின் மீது குற்றம் சுமத்துவது எவ்வளவு அறிவீனம் என்பதற்கும் ஜெர்மனியே சான்று தருகிறது. ஜெர்மானியரின் பழைய முறுக்கெழுத்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது தூய ஆரிய எழுத்து என்று போற்றப்பட்டது. சுவரொட்டிகளெல்லாம் அதில் முழங்கின. 1941 சனவரி 3-ஆம் நாள் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை வந்தது. அது ஜெர்மானிய எழுத்தே அன்று, யூத எழுத்து, இனிப் பயன்படுத்தலாகாது என்றது. கைப்பற்றிய நாடுகளில் அதைப் படிக்க முடியவில்லை என்பதே உண்மைக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். எட்டு ஆண்டுகளுக்குள் ஆரியம் யூதமாகிவிட்டது! எழுத்தின் வளைவு ஒன்றும் மாறவில்லை. மேலிடத்தின் தேவை மாறியது. இன்னொரு வேடிக்கை: அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பில் கட்சியின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது எந்த எழுத்தில்? அதே முறுக்கெழுத்தில்!

ஆகவே கோக்கின் எழுத்தைக் கூண்டில் ஏற்ற நாம் கேட்கவில்லை. ஜெர்மானிய மரச்செதுக்குக் கண்காட்சிக்கு நொய்லாண்டைப் போடட்டும், பொருந்தும். நாடகத்துக்குப் போடட்டும், நாட்டியத்துக்குப் போடட்டும். ஒரு மக்களினத்தின் பெயருக்கு அதைப் போடும்போது மட்டும், 'ஏன் இது?' என்ற கேள்விக்கு விடை இருக்கவேண்டும். 'வழக்கம்' என்பது விடையாகாது. வழக்கம் என்ற ஒரே விடையை வைத்துக்கொண்டு இந்நாட்டில் எத்தனை கொடுமைகள் நியாயம் பெற்றன என்பதை நம் இளைஞர்க்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இவ்வளவும் வேற்றுநாட்டு வழக்கு என்று மூடிவைக்க முடியாதபடி, நம் வாசலிலும் அது வந்து நிற்கிறது. வெளிநாடுகளில் இந்திய உணவகம் என்று பலகை தொங்கும் இடத்தை நோக்குங்கள். ஆங்கில எழுத்துகளின் தலைமேல் குறுக்கே ஒரு கோடு. அதிலிருந்து எழுத்துகள் தொங்கும். தேவநாகரியின் வேடம் போட்ட ஆங்கிலம் அது. அவ்வகையில் பேர்பெற்றது 'சமர்கான்' என்னும் கணிப்பொறி எழுத்து. பெயரோ உஸ்பெகிஸ்தானத்து ஊரை நினைவூட்டுகிறது, வேடமோ நாகரி, வாசகமோ ஆங்கிலம், உள்ளே விற்பது நம் தோசை! யோகப் பள்ளியா, ஊதுவத்தியா, இந்தியக் கதை நூலின் அட்டையா? கோடு தொங்கட்டும் என்கிறார்கள்.

இந்தியா என்றால் தலைக்கோடு என்று யார் முடிவு செய்தது? வங்க எழுத்துக்கும் பஞ்சாபி எழுத்துக்கும் அக்கோடு உண்டு, மறுக்கவில்லை. குஜராத்தி எழுத்துக்குக் கிடையாது. ஒடியா எழுத்தின் தலை வளைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்குக்கும் அக்கோடு அறவே இல்லை. பனையோலையில் எழுத்தாணியால் குறுக்கே நீளக் கோடிழுத்தால் ஓலை நார்வாக்கில் கிழியும். ஆகவே தென்னாட்டு எழுத்துகள் வளைந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். ஓலையும் ஆணியும் கையும் சேர்ந்து ஆக்கிய வடிவம் அது. நாமகள் நாவிலிருந்து சொட்டியது ஒன்றுமில்லை.

அரசியல் சட்டத்தின் 343-ஆவது பிரிவு, ஒன்றிய ஆட்சிமொழி இந்தி என்பதோடு நிற்கவில்லை. தேவநாகரி எழுத்தில் உள்ள இந்தி என்று எழுத்தின் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. 2010 சூலையில் ஒன்றிய அரசு ஏற்ற ரூபாய்க் குறியிலும் நாகரியின் 'ர' உண்டு, தலைக்கோடு உண்டு. வரைந்தவர் தமிழ்நாட்டவர் என்பது வேறு. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் வரவு செலவுத் திட்டச் சின்னத்தில் அக்குறிக்கு மாற்றாக 'ரூ' என்று போட்டபோது, தில்லியில் எழுந்த கூச்சலைக் கேட்டோம். ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து, அவ்வளவு ஆத்திரத்தைக் கிளப்புமானால், எழுத்தின் தோற்றம் வெறும் அலங்காரம் என்று நம்மிடம் வாதாடுவோர் அந்த வாதத்தை முதலில் தில்லியில் சொல்லட்டும்.

எழுத்தைத் தெய்வமாக்கிப் பூசை செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது, பழைய ணை, லை, ளை, னை வடிவங்களையும், ணா, றா, னா வடிவங்களையும் மாற்றிக் காட்டினார். கற்கும் குழந்தைக்கு எளிது, அச்சுக்கோப்பவர்க்கு எளிது என்பதே அவர் காட்டிய காரணம். தமிழே அழிந்துவிடும் என்று அலறியவர்கள் அன்று உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு அவ்வடிவங்களை ஏற்றது, தமிழ் அழிந்துவிடவில்லை. தேவைக்காக எழுத்தின் உருவத்தை மாற்றத் தயங்காத நமக்கு, பிறர் கண்ட கனவுக்காக அதன் மீது வேடம் ஏற்றுவதை மறுக்க முழு உரிமை உண்டு.

வெளிநாட்டில் உணவகம் நடத்தும் தமிழர் மீது நமக்குக் கோபமில்லை. சீன வணிகர் கூரையை வளைத்ததுபோல் அவரும் கோட்டைத் தொங்கவிட்டார். சுவரொட்டி வரைபவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். நம் கேள்வி வரைபவனுக்கு. ஈயம் காய்ச்சி எழுத்து வார்த்த காலம் போயிற்று. கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளை அழகழகாக வரைந்து தரும் இளைஞர்கள் இன்று பலர் இருக்கின்றனர். அவர்களிடம் ஒரு பலகை வரையச் சொன்னால் ஒரு பொழுதில் முடித்துத் தருவார்கள். ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருக்கட்டும், அருகில் தமிழ் தமிழாகவே நிற்கட்டும். 'இட்லி' என்று எழுத மூன்று எழுத்துப் போதும். மூன்றில் எதற்கும் தலைக்கோடு இல்லை.